படிப்பை விட்டதற்குச் சான்று

கிஸ்லான் படிப்பை விட்டு மூன்றரை வருடம் ஆகிறது. அது அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியும், ஸாஃபி துறைமுகத்தில் வந்து இறங்கும் மத்தி மீன்களுக்குக்கூடத் தெரியும். தெரியாதது ஒரே ஒரு கணினிக்குத்தான்.

“நீ படிச்சிக்கிட்டுத்தானே இருக்க?” என்றாள் இரண்டாம் வாய்ப்பு மையத்தின் பதிவு மேசையில் இருந்த லல்லா நுஸ்ஹா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு.

“யாரு, நானா?”

“நீயேதான். கிஸ்லான் அர்ராமி. நடுநிலைப்பள்ளி மூணாம் வருஷம், ஏழாம் பிரிவு. பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து ஒருநாள்கூட லீவு போடல. ரொம்ப நல்ல பிள்ளை.”

கிஸ்லான் சிரித்தாள். லல்லா நுஸ்ஹா சிரிக்கவில்லை. அவள் திரையை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெயர் சரி. பிறந்த தேதி சரி. அம்மா பெயர்கூடச் சரி. கணக்கில் இருபதுக்குப் பதின்மூன்று.

“பதிமூணா? நான் போய்க்கிட்டிருந்தப்போ ஏழுக்கு மேல வாங்கினதே இல்லையே லல்லா!”

“அப்போ நின்னதுக்கப்புறம்தான் தேறியிருக்க. இங்க பாரு, நடத்தை: மிக நன்று.”

“இருக்காதா பின்ன? மூணு வருஷமா வகுப்புல வாயே திறக்கலையே.”

பழைய அஞ்சலகக் கட்டடத்தில்தான் அந்த இரண்டாம் வாய்ப்பு மையம் இருந்தது. பாதியில் படிப்பை விட்டவர்களுக்குக் காலையில் பாடம், மதியம் கைத்தொழில். இரண்டு வருடம் ஒழுங்காக வந்தால் மூன்றாம் வருடப் பரீட்சை எழுதலாம். தொழில் சான்றிதழும் கையில் கிடைக்கும். கிஸ்லானுக்குக் குளிர்பதனம் பழுதுபார்க்கும் பிரிவு வேண்டும். காரணம் மிக எளிமையானது. அவள் வேலை பார்க்கும் மீன் தொழிற்சாலையில் எல்லாரையும் நாய்போல விரட்டும் மேற்பார்வையாளர், ஒரே ஒரு மனிதரைக் கண்டால் மட்டும் ஓடிப்போய்த் தேநீர் கொண்டுவருவார். குளிர் அறையைப் பழுதுபார்க்க வருகிறவர் அவர். குழாயில் காதை வைத்துக் கேட்பார், ஒரு திருகாணியை அரைச் சுற்றுச் சுற்றுவார், போய்விடுவார். அன்றைக்கு முழுக்கத் தொழிற்சாலை அவரைப் பற்றியே பேசும். வாழ்க்கையில் பாக்கி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடலாம், அந்த அரைச் சுற்று தனக்கு வேண்டும் என்று கிஸ்லான் முடிவு செய்திருந்தாள்.

மையத்துக்கு விதிகள் மூன்று. சேரும் நாளில் பதினெட்டு முடிந்திருக்கக் கூடாது. பள்ளியை விட்டு முழுசாக ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை நண்பகலோடு பதிவு முடிகிறது. இன்று செவ்வாய். கிஸ்லானுக்குத் திங்கட்கிழமை பதினெட்டு முடிகிறது. சொந்தப் பிறந்தநாளைக் கடன்காரனைப்போல நினைத்துப் பயந்தவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

“இப்ப நான் என்ன பண்ணணும்?”

“பள்ளிக்கூடத்துக்குப் போய் விடுகைச் சான்று வாங்கிட்டு வா. அது கையில இருந்தா, இந்தக் கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் நான் கையால எழுதிச் சேர்த்துடுவேன். ஆனா தேதி முக்கியம். நீ நிஜமா நின்ன தேதி போட்டிருக்கணும். இந்த வாரத் தேதி போட்டு வாங்கிட்டு வந்தேன்னா, நீ இந்த வாரம்தான் நின்ன மாதிரி. ஒரு வருஷம் கழிச்சு வான்னு சொல்ல வேண்டியதுதான்.”

“ஒரு வருஷம் கழிச்சு எனக்குப் பத்தொன்பது.”

“அது உன் தப்பு. யாரு உன்னை வளரச் சொன்னா?” என்றாள் லல்லா நுஸ்ஹா. வாய்தான் கேலி செய்தது. முகத்தில் அதற்கான தெம்பு இல்லை.

தொழிற்சாலையில் கிஸ்லானுக்குப் பக்கத்து இடம் பதூலுடையது. பதூலுக்குப் பதினெட்டு முடிந்து சில மாதம் ஆகிறது. நிமிடத்துக்கு நாற்பது மீனுக்குத் தலை வெட்டுவாள். அதே வேகத்தில் மனிதர்களுக்கும் வெட்டுவாள், நாக்கால். கத்தரிக்கோல்களின் சத்தத்துக்கு மேலே கிஸ்லான் நடந்ததைச் சொன்னபோது, பதூலின் கை மட்டும் நின்றது.

“எனக்கும் போன வருஷம் இதையேதான் சொல்லிச்சு, அந்த மெஷின்.”

“நீயும் போனியா? என்கிட்ட சொல்லவே இல்லையேடி!”

“என்னன்னு சொல்ல? மூணாம் வருஷத்துல ஃபெயில்னு போட்டிருந்துச்சு. அதுவும் ரெண்டு தடவை. வெக்கமாப் போச்சு. திரும்பி வந்துட்டேன்.”

“போகாத பள்ளிக்கூடத்துலயா ஃபெயிலானே?”

“நீ போகாத பள்ளிக்கூடத்துல பாஸாகலையா? அது எந்த ஊரு நியாயம்? ரெண்டு பேரும் இதே மேசையில, இதே மீனுக்குத்தானே தலை வெட்டிக்கிட்டிருந்தோம்? உனக்குப் பதிமூணு, எனக்கு நாலா?”

மேசை முழுக்கச் சிரித்தது. மறுகோடியிலிருந்து மேற்பார்வையாளரின் குரல் வந்தது: “ஸஃபியா! வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு!”

ஸஃபியா என்பது கிஸ்லான்தான். பதினாலு வயதுப் பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே பெரியம்மா மகள் ஸஃபியாவின் அடையாள அட்டையில் அவளை வைத்துக்கொண்டார்கள். அதே தொழிற்சாலையின் ஈரப் படிக்கட்டில் அம்மா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட மறுவாரம் அது. அம்மாவின் இடம் காலியாக இருந்தது, வீட்டில் அடுப்பும் காலியாக இருந்தது. கிஸ்லான் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டாள்.

முதல் மாதம் அவள் காத்திருந்தாள். யாராவது வருவார்கள் என்று. ஒரு வாத்தியார், ஒரு எழுத்தர், குறைந்தபட்சம் திட்டுவதற்காவது ஒரு ஆள். அண்டை வீட்டுக் கோழி ஒருநாள் வராவிட்டால்கூடத் தேடுகிற தெரு அது. ஒருவரும் வரவில்லை. கணக்கில் ஏழு வாங்குகிறவளை யார் தேடுவார்கள் என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டாள். அந்தக் கேலியை மூன்றரை வருடமாக உண்மை என்றே நம்பியும் இருந்தாள்.

இப்போது, கையில் பாதி வெட்டிய மீனோடு நிற்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. காணாமல் போனால்தானே தேடுவார்கள்? ஏட்டில் அவள் காணாமல் போகவே இல்லையே. தினமும் காலை எட்டு மணிக்கு யாரோ ஒருவர், அவள் வந்துவிட்டாள் என்று எழுதி, தேடுகிற வேலையை முடித்து வைத்திருக்கிறார்.

கோபம் அவளுக்குக் காலிலிருந்து ஏறியது. பூட்ஸ் போட்டிருந்ததால் கொஞ்சம் தாமதமாக ஏறியது, அவ்வளவுதான்.

புதன்கிழமை அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியர் ஹாஜி துஹாமியின் மேசைமேல் ஒரு பித்தளைப் பலகை பளபளத்தது. ‘இடைநிற்றலே இல்லாத பள்ளி’ என்று அதில் பொறித்து, மாவட்ட அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். கிஸ்லான் அதை இரண்டு முறை படித்தாள். இரண்டு முறையும் அதேதான் எழுதியிருந்தது.

ஹாஜி நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பது அவருடைய குரலிலேயே இருக்கும். “உட்காரு மகளே. அம்மாவுக்கு இடுப்பு எப்படி இருக்கு?”

“உங்களுக்குத் தெரியுமா ஹாஜி?”

“தெரியாம என்ன. அதனாலதானே உன் பேரை அடிக்க எனக்கு மனசு வரல. பிள்ளை என்னைக்காவது திரும்பி வரும், கதவு திறந்தே இருக்கட்டும்னு விட்டு வச்சேன்.”

“நான் உள்ளதான் இருக்கேன்னு எழுதி வச்சிட்டு, கதவை யாருக்காகத் திறந்து வச்சீங்க?”

ஹாஜி இதற்குப் புன்னகை செய்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். பிரிவில் தலை எண்ணிக்கை குறைந்தால் ஆறாம் பிரிவையும் ஏழாம் பிரிவையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஒரு ஆசிரியரை மலைப்பக்கம் தூக்கி அடிப்பார்கள். மீதிப் பிள்ளைகள் ஐம்பது பேராக நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கும். “உன் பேரு இங்க இருக்கறதால எத்தனை பிள்ளைங்க சௌகரியமா உட்காருது, யோசிச்சுப் பாரு. இதுவும் ஒரு தர்மம்தான்.”

“சரி ஹாஜி. தர்மம் போதும். சான்று கொடுங்க. நான் நின்ன தேதி போட்டு.”

“இன்னைக்குத் தேதி போட்டுத் தரேன். இப்பவே தரேன். பழைய தேதி போடணும்னா நீ வரலைங்கறதுக்கு ஆதாரம் வேணுமே. எங்க ஏட்டுல வந்தேன்னுதான் இருக்கு. வேலை பார்த்த இடத்துல எழுதி வாங்கிட்டு வா.”

வேலை பார்த்த இடத்தின் ஏட்டில் இருப்பது ஸஃபியா. இருந்த இடத்தில் கிஸ்லானின் பெயர் இல்லை; பெயர் இருந்த இடத்தில் கிஸ்லான் இல்லை. இரண்டு ஏடும் சுத்தமாகத்தான் இருந்தன. அழுக்காக இருந்தது அவள் ஒருத்திதான், அதுவும் ஹாஜியின் கம்பளத்தின்மேல்.

“அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும் ஹாஜி” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வாயிற்கதவைத் தாண்டிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வளர்த்த விதம் அப்படி. கழுத்தை அறுக்கிறவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டால்கூட எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள்போல.

“வாழ்த்திட்டு வேற வந்தியா!” பதூலுக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. “கையைப் பிடிச்சு முத்தமும் கொடுத்திருப்பியே?”

“அதுக்குள்ள போன் வந்துடுச்சு அவருக்கு.”

பதூல் கத்தரிக்கோலைத் துணியில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு கேட்டாள்: “ஏட்டுல நம்ம ரெண்டு பேரும் எங்க இருக்கோம்?”

“ஏழாம் பிரிவுல.”

“அப்ப என்ன இங்க மீன் வெட்டிக்கிட்டு நிக்கிறோம்? போய்ப் படிப்போம் வா. வெள்ளிக்கிழமை காலையில முதல் மணிக்கு.”

வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே படகுகள் வந்துவிட்டதால் தொழிற்சாலைச் சங்கு அலறியது. மூன்றரை மணிநேரம் வெட்டிவிட்டு, இடைவேளை விட்டதும் இருவரும் அப்படியே கிளம்பினார்கள். வெள்ளை அங்கி, ரப்பர் ஏப்ரன், தலையில் வலைத்தொப்பி, காலில் பூட்ஸ். நான்கு பூனைகள் பள்ளி வாசல்வரை வழியனுப்ப வந்தன.

வாயிற்காவலர் குறுக்கே நின்றார். “யாரும்மா நீங்க?”

“படிக்கிற பிள்ளைங்க” என்றாள் பதூல். “ஏழாம் பிரிவு. பட்டியலைப் பாருங்க.”

காவலர் பட்டியலைப் பார்த்தார். பெயர்கள் இருந்தன. அவர் முகர்ந்தார். பட்டியலில் வாசனைக்கென்று தனிக் கட்டம் எதுவும் இல்லை.

“ஏன் லேட்டு?”

“வழியில மீன் வந்துடுச்சு சார்.”

வகுப்பில் கணக்கு ஆசிரியர் உஸ்தாத் வஹ்பி பத்து மணிப் பாடத்துக்குப் பெயர் வாசிக்க ஆரம்பித்திருந்தார். இருவரும் பின்சுவரில் போய்ச் சாய்ந்து நின்றார்கள். பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டன. வஹ்பி தலையை நிமிர்த்தாமல் வாசித்துக்கொண்டே போனார்.

“கிஸ்லான் அர்ராமி.”

“உள்ளேன்!” முதல் பெஞ்சிலிருந்து ஒரு குட்டிப் பெண் கணீரென்று சொன்னாள்.

“உள்ளேன்” என்றாள் கிஸ்லான், சுவரோரத்திலிருந்து.

குட்டிப் பெண் திரும்பிப் பார்த்தாள். ரிப்பன் கட்டிய ரெட்டைப் பின்னல், பெரிய கண்கள். பயந்துபோயிருந்தாள். “நான்... எனக்கு நாலு பேரு கொடுத்திருக்காங்க அக்கா” என்றாள் மெதுவாக. “என் பேரோட சேர்த்து அஞ்சு. நான் தப்பாச் சொல்ல மாட்டேன்.”

அவள்மேல் கோபப்பட கிஸ்லானுக்கு மனம் வரவில்லை. மூன்று வருடமாகத் தன் பெயரை இவ்வளவு அழகாக உச்சரித்து வந்தவள் அவள் ஒருத்திதான். மேற்பார்வையாளருக்கு அந்தப் பெயரே தெரியாது.

“நல்லாத்தான் சொல்ற கண்ணு. இனிமே என் பேரை நானே சொல்லிக்கிறேன், சரியா?”

வஹ்பி ஏட்டை மூடினார். அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. பட்டியலில் நாற்பத்தொரு பேர். வகுப்பில் நாற்காலி முப்பது. உபரியாக ஒரு நாற்காலிகூட இல்லை. வராதவர்களுக்கு நாற்காலி எதற்கு? வஹ்பி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சுவரோரம் போட்டார். திரும்பிப் போய்க் கணக்கு ஒன்றை எழுத ஆரம்பித்தார்.

“கஷ்டமானதாவே கொடுங்க உஸ்தாத்” என்றாள் கிஸ்லான். “நான் பதிமூணு வாங்கினவ.”

அதற்குள் விஷயம் ஹாஜியின் அறைக்குப் போய்விட்டது. ஐந்தே நிமிடத்தில் ஆள் வந்து இருவரையும் கூட்டிப்போனான்.

இந்தமுறை ஹாஜி உட்காரச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். “இது பள்ளிக்கூடமா, மீன் சந்தையா?”

“சந்தையில இல்லாத மீனை விக்க முடியாது ஹாஜி, இங்க இல்லாத ஆளையே விக்கிறீங்க” என்றாள் பதூல்.

ஹாஜி அவளை விட்டுவிட்டுக் கிஸ்லானின் பக்கம் திரும்பினார். குரல் பழையபடி இனித்தது. “சரி மகளே, பிடிவாதம் பிடிக்கிற. உன் ஒருத்திக்கு எழுதித் தரேன். பழைய தேதி போட்டே தரேன். ஒண்ணுன்னா எழுத்தரோட கவனக்குறைவுன்னு சொல்லிக்கலாம். வாங்கிட்டு நண்பகலுக்குள்ள போய்ச் சேர்ந்துடு. ஆனா இவளுக்குக் கேட்காத. ரெண்டாச்சுன்னா எனக்குக் கேள்வி வரும். இவளுக்குத்தான் வயசு தாண்டிடுச்சே. அந்தக் காகிதத்தை வச்சிக்கிட்டு இவ என்ன பண்ணப் போறா?”

கிஸ்லான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்ட அந்த வார்த்தையை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். தன்னைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை.

பதூல்தான் பதில் சொன்னாள். “என்ன பண்ணுவேனா? வீட்டுச் சுவத்துல மாட்டுவேன். நான் இங்க வரவே இல்ல, அதனால ஃபெயிலாகவும் இல்லன்னு ஒரு காகிதம் எனக்கு வேணும். எடுங்க என் கோப்பை.”

“நேரம் ஆகுது...” என்றார் ஹாஜி.

“அப்ப வகுப்புக்கே திரும்பிப் போய் உட்காரட்டுமா? நாற்காலி பத்தாது உங்களுக்கு.”

ஹாஜி பெருமூச்சு விட்டு அலமாரியிலிருந்து இரண்டு கோப்புகளையும் எடுத்துப் போட்டார். கிஸ்லானுடையது அப்பளம்போல மெலிதாக இருந்தது. பதூலுடையது சற்றே தடிமன். அதை அவர் புரட்டிக்கொண்டிருந்தபோது முத்திரைப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்டபடி எழுத்தர் எட்டிப் பார்த்தார். ஹாஜி அலமாரிப் பக்கம் திரும்பிச் சாவியைத் தேடினார். பதூல் கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இது என்னது?”

ஒரு மனு. மூன்றாம் வருடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றவர்களைப் பள்ளியைவிட்டு நீக்கிவிடுவார்கள். செப்டம்பரில் அவர்கள் ஆசிரியர் குழுவுக்குக் கருணை மனு எழுதுவது வழக்கம். குழு இரங்கினால் இன்னொரு வருடம் கிடைக்கும். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மனு அது. எங்கே கண்ணீர் விட வேண்டும் என்பதுவரை வாய்ப்பாடு உண்டு.

பதூல் சத்தமாகப் படித்தாள். “‘என் சோம்பேறித்தனத்தாலும் கவனக்குறைவாலும் தேர்வில் தவறிய நான், மிகுந்த வெட்கத்தோடு பெரியோர்களின் காலடியில்...’” தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு தொடர்ந்தாள். “‘...கண்ணீரோடு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பதூல்.’ கையெழுத்து வேற! எவ்வளவு அழகாப் போட்டிருக்கு. என் கையெழுத்து இவ்வளவு அழகா வராது.”

தாளிலிருந்து கண்ணை எடுத்து ஹாஜியை நேராகப் பார்த்தாள்.

“எங்கப்பா செத்தப்போ வீட்டுக்காரன் சாமானைத் தூக்கி வெளியே போட்டான்” என்றாள் பதூல். “அவன்கிட்டகூட நான் கெஞ்சல. தெருவுல படுத்தோம், கெஞ்சல. எனக்கு நாலு மார்க்கும் நீங்களே போட்டு, சோம்பேறின்னும் நீங்களே எழுதி, என் பேருல அழுதும் காட்டியிருக்கீங்க. யாரு உங்களை அழச் சொன்னா?”

அவள் காகிதத்தை மடித்து ஏப்ரனின் முன்பையில் செருகினாள்.

“அது அலுவலகக் காகிதம். கொடுத்துடு மகளே” என்றார் ஹாஜி. “தயவுசெஞ்சு கொடுத்துடு. எனக்கு ஓய்வுபெற ரெண்டு வருஷம்தான் இருக்கு. பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்.”

கிஸ்லானுக்கு அப்போதுதான் நாக்கு தன் வசம் வந்தது. “கெஞ்சுறது உங்களுக்கு நல்லாவே வருது ஹாஜி. எழுதி எழுதிப் பழக்கம்.” பிறகு மேசைமேல் இருந்த காலிச் சான்றுத்தாள் கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “ரெண்டு எழுதுங்க. அவளுக்கு முதல்ல.”

ஹாஜி எழுதினார். பதூல் நின்ற தேதி, கிஸ்லான் நின்ற தேதி. எழுத்து நல்ல வடிவான எழுத்துதான். மனுவில் இருந்த அதே வடிவு. முத்திரை இரண்டுமுறை விழுந்தது. பதூல் முன்பையிலிருந்து மனுவை எடுத்து மேசையில் வைத்தாள். ஹாஜி அதை இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தெருமுனை திரும்பியதும் பதூல் நின்றாள். முன்பையில் கைவிட்டு இன்னொரு மனுவை எடுத்தாள். அதற்கு முந்திய வருடத்தியது.

“ரெண்டு தடவை ஃபெயிலாக்கினாருல்ல? அப்ப ரெண்டு தடவை கெஞ்சியிருக்கணுமா இல்லையா? கோப்புல ரெண்டும் இருந்துச்சு. ஒண்ணைக் கொடுத்ததும் சந்தோஷமாக் கிழிச்சாரு. எத்தனை எழுதினோம்னு மனுஷனுக்கே ஞாபகமில்ல.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பூட்ஸ் காலோடு நடுத்தெருவில் குனிந்து சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவள் கிஸ்லான்.

“எத்தனை பேருக்கு எழுதியிருந்தா ஞாபகமில்லாமப் போகும்?”

பதூலும் நிறுத்தினாள். அந்த ரெட்டைப் பின்னல் குட்டிக்கு மட்டும் நாலு பெயர். பட்டியலில் நாற்பத்தொன்று, நாற்காலி முப்பது. பதினோரு வீடுகள். பதினோரு வீட்டிலும் யாரோ ஒருவர் முதல் மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மையத்தை அடைந்தபோது பதினொன்றரை. லல்லா நுஸ்ஹா சான்றை வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் பார்த்தாள். பெரிய பதிவேட்டைத் திறந்து கையால் எழுதினாள். கிஸ்லான் அர்ராமி, குளிர்பதனம், முதலாம் ஆண்டு. முத்திரையை ஓங்கிக் குத்தினாள். கண்ணாடிக் குவளையில் இருந்த புதினாத் தேநீர் தளும்பியது.

பதூலின் சான்றையும் பார்த்தாள். “உன்னை இங்க சேர்க்க முடியாது பொண்ணே, வயசு விடாது. ஆனா இது கையில இருந்தா தனித்தேர்வராப் பரீட்சை எழுதலாம். பாடம் கேக்க நீ வெளியே வந்து நின்னா நான் ஜன்னலை மூடிக்கிட்டா உட்காரப் போறேன்?”

“அதை அப்புறம் பேசலாம் லல்லா” என்றாள் பதூல். மனுவை எடுத்து மேசையில் விரித்தாள். “முதல்ல இதுக்கு ஒரு புகார் எழுதணும்.”

லல்லா நுஸ்ஹா படித்தாள். மறுபடி படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போன வருடம் இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியது அவள்தான். அது அவள் முகத்தில் தெரிந்தது.

“இதை மட்டும் அனுப்பினா, பொண்ணே எழுதின மனுதான் இதுன்னு சொல்லிடுவாங்க. கூட ஒருத்தர் சாட்சி வேணும். தன் சான்றையும், ஏட்டுல இருக்கற மார்க்கையும் சேர்த்து வைக்கிற ஒருத்தர்.” அவள் கிஸ்லானைப் பார்க்காமல் சொன்னாள். “ஆனா அப்படி வைக்கிறவங்க கோப்பையும் விசாரணைக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அது முடியற வரைக்கும் வகுப்புல விடுவாங்களா, நிறுத்தி வைப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. நான் ஏமாத்த விரும்பல. திங்கட்கிழமை உனக்குப் பதினெட்டு. நிறுத்தினா நிறுத்தினதுதான்.”

“நீ போடாதே” என்றாள் பதூல் உடனே. “பைத்தியக்காரி, உனக்கு இடம் கிடைச்சாச்சு. நான் வேற யாரையாவது பிடிக்கிறேன். அந்தப் பதினோரு பேருல ஒருத்தி கிடைக்காமலா போயிடுவா?”

கிஸ்லான் பதிவேட்டைப் பார்த்தாள். முத்திரையின் ஊதா மை இன்னும் ஈரமாக இருந்தது. குனிந்து அதை ஊதினாள். தான் அவ்வளவு பெரிய தியாகி இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் முழுசாகக் காயும்வரை ஊதினாள். தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை.

“அந்தப் பதினோரு பேருல ஒருத்தி நான்தானேடி” என்றாள். “லல்லா, பேனா கொடுங்க.”

பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைத்தார்கள். லல்லா நுஸ்ஹா எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தி, ‘பதிவு முடிந்தது’ என்ற அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். காகிதங்களுக்கு நடுவே கார்பன் தாளை வைத்து, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, கிஸ்லானின் முன்னால் தள்ளினாள்.

“அழுத்தி எழுது. மூணு படி வேணும். ஒண்ணு தொலைஞ்சு போச்சும்பாங்க, ஒண்ணு வரவே இல்லம்பாங்க.”

கிஸ்லான் அழுத்தி எழுதினாள்.